கத்தி மழுங்கவில்லை

கோவில்பட்டி
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. இன்று கடை லீவு. பெரியம்மா தூங்குகிறாள். போனில் பேசினால் நீ அழுவாய், நான் சத்தம் போடுவேன். இரண்டும் வேண்டாம் என்றுதான் பேப்பரை எடுத்தேன். என் கையெழுத்து உனக்கு வாசிக்க வரும். சின்ன வயதில் கடைக் கணக்கு நோட்டை நீதானே எனக்கு வாசித்துக் காட்டுவாய்.

முதலில், நீ டை போட்டு முகம் வீங்கிய அந்த அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முக்கால் மணி நேரம் பேசினாய். உன் மேடம் என்ன சொன்னார், கூடப் படிக்கிற பிள்ளைகள் எப்படிப் பார்த்தார்கள், எந்தப் பேப்பரில் உன்னிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்த அம்மாவுக்குக் கண் திறக்கிறதா என்பது மட்டும் இல்லை. வீக்கம் இறங்குகிறதா என்று நாளைக்கே விசாரி. தொண்டை அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, மேடத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதே. ஆட்டோவுக்கும் மருந்துக்கும் நான் பணம் அனுப்புகிறேன். உன் அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

நம் கடைக்கு வரும் தோல் டாக்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். கறுப்பு டையில் பிபிடி என்று ஒரு சரக்கு இருக்கிறதாம். முழுப்பெயர் பாராபினைலின்டையமின். அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒருவர் உடம்பு அதை ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் வேண்டாம்தானாம். அடுத்த தடவை இன்னும் மோசமாகக் கிளம்பும். கல்யாண வீடுகளில் வைக்கிற கறுப்பு மருதாணியிலும் அதுவே கலந்திருக்கலாம் என்றார். அந்த அம்மாவுக்கு இதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடு. வாசிக்கத் தெரியாவிட்டால் வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு வா.

இதற்குத்தான் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும் என்று போன தீபாவளிக்கு நீ எனக்குப் பாடம் நடத்தினாய். நான் கேலி செய்தேன். "ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொன்னா அவன் எதுத்த கடைக்குல்ல போயிருவான்" என்றேன். அதனால் இந்தத் தப்பில் என் பங்கும் உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். டையோடு கலக்கிற தண்ணீர்மருந்தில் 20 வால்யூம் என்றால் 6 சதவீதம், 40 என்றால் 12 சதவீதம் என்றும் அன்றைக்கு நீதான் சொன்னாய். அது வரைக்கும் நான் கண்ணளவில் ஊற்றியவன். மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மீசைக்கு டை அடித்துக்கொண்டு போன நம் வாத்தியார், மறுநாள் மேலுதடு பன்ரொட்டி மாதிரி வீங்கி வந்து நின்றார். போட்டோ எல்லாவற்றிலும் துண்டால் வாயை மூடிக்கொண்டிருப்பார். அவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களுக்கு உஷ்ண உடம்பு சார்" என்றேன்.

ஆகையால் தப்பு நடந்தது என்பதற்காக இந்தக் கடிதம் இல்லை. நம் தொழிலில் தப்பு நடக்காத கை கிடையாது. முதல் ஆறு மாசம் முடி கூட்டிப் பெருக்கினேன். அப்புறம் ஒரு வருஷம் தண்ணீர் அடித்து, சோப்பு நுரை தட்டி, கத்தியை வாரில் பிடித்துக் கொடுத்தேன். முதல் கட்டிங் உன் அப்பன் தலை. இடது காதுக்கு மேலே இன்னும் அந்தத் தழும்பு இருக்கும், அடுத்த தடவை தடவிப் பார். எங்களுக்கு டம்மித் தலை ஏது? தம்பி தலைதான். உங்களுக்கு ரப்பர் தலையில் நிஜ முடி நட்டுக் கொடுக்கிறார்கள். அதுகூட யாராவது சாமிக்கு வேண்டிக்கொண்டு இறக்கிய முடியாக இருக்கலாம், கோயில் முடிதான் ஏலத்தில் போய்ச் சேருகிறது. உன் சின்னத் தாத்தா கோயிலில் மொட்டை போட்டவர். ஒவ்வொரு தலைக்கும் முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். கும்பிடுகிறாரா, இடுப்பு வலிக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது.

என்னைத் தூங்கவிடாதது வேறு. நடுவில் நீ ஒரு வார்த்தை சொன்னாய். சொன்னது உனக்கு ஞாபகம் இருக்காது. "வந்தவங்க வீட்டு வேல செய்றவங்கதான பெரியப்பா, 99 ரூவாக்கி வந்தாங்க" என்றாய்.

பாப்பா, அந்த 'தான'வை எங்கே படித்தாய்?

உன் இன்ஸ்டிட்யூட்டில் வாரம் மூன்று நாள் ஸ்டூடண்ட் சலூன் என்று வைத்து, குறைந்த காசுக்கு வெளியாட்களை வரவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று நீ சேர்ந்தபோதே கேட்டேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே யார் வருவார்கள் என்று யோசித்துப் பார். முழுக் காசு கொடுக்க முடியாதவர்கள்தான் வருவார்கள். பெரிய சலூனில் 4,000 ரூபாய் கொடுக்கிறவள் கேள்வி கேட்பாள், என்ன கம்பெனி, எந்தத் தேதி, டெஸ்ட் பண்ணினாயா என்று. 99 ரூபாய்க்கு வந்தவள் கேட்க மாட்டாள். எரிந்தால்கூடச் சொல்ல மாட்டாள், "இப்படித்தான் இருக்கும் போல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அம்மா எரியுது என்று சொன்னாரா, சொல்லவில்லையா? நீ கேட்டாயா?

கேட்கிற கஸ்டமர் நம்மைத் திருத்திவிடுவான். 90-களில் எய்ட்ஸ் பயம் வந்தபோதுதான் நம் கடையில் ஆளுக்கொரு புது பிளேடு வந்தது. அது வரைக்கும் ஒரே சவரக்கத்தி, டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு, படிகாரக்கல்லால் ஒரு தேய்ப்பு. நாங்களாகத் திருந்தவில்லை. பேங்க்காரர்களும் வாத்தியார்களும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், "புது பிளேடு போடுப்பா, என் கண் முன்னால பிரி" என்றார்கள். போட்டோம். கேட்காதவர்களுக்குப் போட இன்னும் ஒரு வருஷம் ஆனது. ஒரு பிளேடு மிச்சம் பிடித்தோம். இதை உன் பெரியம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

பெரிய ஆள்களும் இப்படித்தான். 2022 ஜனவரியில் வடக்கே பேர்போன ஹேர் ஸ்டைலிஸ்ட் ஒருவர், பயிற்சி மேடையில் உட்காரவைத்த பெண்ணின் தலையில், தண்ணீர் இல்லாவிட்டால் இது போதும் என்று எச்சிலைத் துப்பினார். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. நீயும் பார்த்திருப்பாய். அந்தப் பெண்ணே பார்லர் நடத்துகிறவள், கற்றுக்கொள்ளப் போனவள். அப்புறம் மன்னிப்புக் கேட்டார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேடையில் உட்கார்ந்துவிட்டால் அவளும் டம்மித் தலை ஆகிவிடுகிறாள்.

இப்போது 1979 கதையைச் சொல்கிறேன். உன் அப்பாவுக்குத் தெரியும், அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

எனக்கு 19 வயது. தாத்தா கடை அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், ஓலைக் கூரை, இரண்டு நாற்காலி. ஒரு சாயங்காலம் கீழக்காலனியிலிருந்து ஒருத்தர் வந்தார். மறுநாள் அவருக்குக் கல்யாணம். புது வேட்டி, ஓரத்தில் மஞ்சள். வாசலில் நின்று, "கட்டிங், சேவிங் ரெண்டும் பண்ணணும் தம்பி" என்றார். நான் அப்போதுதான் கத்தியை வாரில் பிடித்துக்கொண்டிருந்தேன். தாத்தா என்னைப் பார்த்தார். சொல்லு என்று கண்ணைக் காட்டினார். "கத்தி மழுங்கிருச்சுண்ணே, நாளைக்கு வாங்க" என்றேன். கத்தி என் கையில் பளபளவென்று இருக்கிறது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாளைக்கு வாங்க என்றேன் பார், கல்யாண மாப்பிள்ளையிடம்.

தாத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் தலையைத் தொட்ட கத்தி எங்கள் தாடைக்கு வரக் கூடாது, வந்தால் உன் கடை இருக்காது என்று மேலத்தெருக்காரர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். ஆனால் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. நம் வக்கீல் கஸ்டமர் பிற்பாடு படித்துக் காட்டினார். தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் 'கடை' என்றால் என்னென்ன என்று பட்டியல் போட்டு, அதில் சலவைக் கடையையும் முடிதிருத்தும் கடையையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதினவனுக்கு நம் ஓலைக் கடை தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. 85-இல் தாத்தா போன பிறகு கடை என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் அதே நாற்காலி, அதே துண்டு. இரண்டு மாசம் மேலத்தெருவிலிருந்து ஒரு தலை வரவில்லை, அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அந்த அண்ணன் மட்டும் வரவேயில்லை.

இத்தனைக்கும் நம்மையே யார் வாசலுக்குள் விட்டார்கள்? தாத்தா அடப்பப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலத்தெரு வீடுகளுக்குக் கொல்லைப்புற வழியாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கூலி வருஷத்துக்கு ஒருமுறை நெல்லாக வரும். ஆச்சி பிரசவம் பார்த்த பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர்! வலி வந்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள், பிள்ளை வெளியே வந்ததும் ஆச்சி உட்கார்ந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். சாதிச் சர்டிபிகேட்டில் மருத்துவர் என்று போட்டிருக்கிறது, தெருவில் கூப்பிட்ட பெயர் வேறு. இன்றைக்கு அதே வேலைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி போட்டு, ஹேர் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர் வைத்து, கற்றுக்கொடுக்க 1,80,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுத்தோம். உன் அம்மா வளையல் இன்னும் பேங்கில்தான் கிடக்கிறது. ஐ.டி.ஐ.யில் இதே காஸ்மெட்டாலஜி ஒரு வருஷப் படிப்பாக இருக்கிறது, அரசு ஐ.டி.ஐ. என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, நீ அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் இன்னும் 1,000 என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். உன் அப்பனுக்குக் கண்ணாடிக் கதவுதான் வேண்டியிருந்தது. சரி, முடிந்ததைப் பேசவில்லை.

பேசவில்லை என்று எழுதிவிட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறேன், பெரியம்மா சொல்வது சரிதான்.

அங்கே உன்னோடு படிக்கிற பிள்ளைகளிடம் அப்பா பிசினஸ் செய்கிறார் என்று சொல்லியிருக்கிறாயாம். அட்மிஷனுக்கு வந்தபோது அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னாயாம். அவன் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கோபம் இல்லை பாப்பா. 'குசேலன்' படத்தின் கதையையே இந்தியில் எடுத்தபோது 'பில்லு பார்பர்' என்று பெயர் வைத்தார்கள், அந்த வார்த்தை வேண்டாம் என்று நம்மவர்களே சண்டை போட்டு எடுக்கவைத்தார்கள், 2009-இல். அது அவரவர் பட்ட காயம். ஆனால் நீ மறைப்பது வெறும் வார்த்தையை இல்லை. உன் பேட்சில் மற்றவர்களுக்குச் சீப்பும் கத்தரியும் புதுசு, உனக்குத் தொட்டில் சத்தம். தலையில் கை வைத்ததும் சூடு இருக்கிறதா, புண் இருக்கிறதா, ஆள் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறார் என்று தெரிகிற கை உன்னுடையது. அந்தக் கை இருந்தும் அவசரப்படுத்தினார்கள் என்று அந்த அம்மாவின் தலையில் கலவையை அப்பினாயே என்பதுதான் என் வருத்தம். மேடம் பத்துப் பேரை முடிக்கச் சொன்னால், ஒன்பது பேர்தான் முடியும் மேடம் என்று சொல்லப் பழகு.

மறப்பதற்குள் ஒன்று. ஷாம்பு பேசினில் கழுத்தை மல்லாத்திப் போடுகிறீர்களே, அங்கே துண்டை மடித்துக் கொடு, ஐந்து நிமிஷத்துக்கு மேல் வைக்காதே. அப்படிக் கழுத்தை வளைத்ததில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் பழுதாகி வாதம் வந்த பெண்களைப் பற்றி 1993-லேயே அமெரிக்க டாக்டர் ஒருவர் எழுதியிருக்கிறார் என்று ஸ்கேன் சென்டர் தம்பி காட்டினான். அன்றோடு நான் கழுத்துச் சொடுக்கு எடுப்பதை விட்டுவிட்டேன். கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் கோபித்துக்கொள்கிறார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். படிப்பை விட்டுவிட்டு வரட்டுமா, அல்லது இன்ஸ்டிட்யூட்காரர்கள் சொல்கிற மாதிரி இன்னும் 90,000 கட்டி பிரைடல் மேக்கப்பும் சேர்த்து முடித்து, இரண்டு வருஷம் அவர்கள் சலூனிலேயே பாண்டு எழுதிக்கொடுத்து வேலை பார்க்கட்டுமா என்று கேட்டாய். முடிவு உன்னுடையது. நான் எதுவும் சொல்ல மாட்டேன். 22 வயது ஆகிவிட்டது, உனக்குத் தெரியாததா.

ஆனால் பாண்டு எழுதினவன் வாய் பேசுவதில்லை. மேடம் பத்து என்றால் அங்கே பத்துதான். விட்டுவிட்டு வந்தாலோ, ஒரு தப்பு செய்துவிட்டு ஓடினேன் என்பது கையிலேயே தங்கிவிடும். நான் 46 வருஷமாக அதைச் சுமக்கிறேன். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. எடுத்த படிப்பை முடி, இன்னும் நாலு மாசம்தான். சர்டிபிகேட்டை வாங்கு. அப்புறம் இங்கே வா. நம் ஊரில் பொம்பளைப் பிள்ளைகள் புருவம் எடுக்கவும் தலைமுடி திருத்தவும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுகிறார்கள். கடையின் கிழக்குப் பக்கம் 10 அடிக்கு 12 அடி சும்மா கிடக்கிறது, தனி வாசல் வைக்கலாம், ரோட்டைப் பார்த்த வாசல். தச்சர் சும்மா வந்து அளவு எடுத்துவிட்டுப் போனார். பிளைவுட்டா, ஜிப்சம் போர்டா என்று கேட்டார், நீ வந்து சொல்லுவாய் என்று சொன்னேன். பேசின் ஒன்று பழசு, நல்ல நிலைமையில் வந்தது, விலை படிந்ததால் வாங்கிப் போட்டேன். அவ்வளவுதான். இதற்காக நீ ஒன்றும் முடிவு எடுக்க வேண்டாம். வேண்டாம் என்றால் வேறு யாருக்காவது விற்றுவிடலாம்.

எழுதினதைத் திருப்பி வாசித்தேன். பாதிக்கு மேல் திட்டுவது மாதிரி இருக்கிறது. கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன், மறுபடி எழுதக் கை வலிக்கிறது. நீ நல்ல பிள்ளை. கொரோனாவில் இரண்டு மாசம் கடை மூடிக் கிடந்தபோது, உண்டியலை உடைத்து 640 ரூபாயை என் சட்டைப்பையில் யாருக்கும் தெரியாமல் வைத்தவள் நீ. அப்போது உனக்கு 17 வயது. அந்தக் காசை நான் செலவழிக்கவில்லை, கல்லாவின் அடித்தட்டில் அப்படியே இருக்கிறது. அந்த அம்மா முகம் வீங்கியதும் ராத்திரியெல்லாம் நீ அழுதாய் என்றால் நீ சரியான இடத்தில்தான் இருக்கிறாய். 99 ரூபாய் என்று சொன்னது நீ இல்லை, பயம் சொன்னது. எனக்குத் தெரியும்.

சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடு. நாள் முழுக்க நிற்கிறாய், காலுக்கு மெத்தென்று ஒரு செருப்பு வாங்கிக்கொள், நரம்பு சுருட்டிக்கொள்ளும். திரெடிங் நூலைப் பல்லில் கடித்து நாக்கு அறுந்தது என்றாயே, ஆறிவிட்டதா? பெரியம்மா உனக்குப் பருப்புப்பொடி இடித்திருக்கிறாள்.

இதோடு கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் வருகிறது. ஒன்று உனக்கு. இன்னொன்றை அந்த அம்மா வீட்டுக்கு நீயே கொண்டுபோய்க் கொடு, யாரிடமும் கொடுத்தனுப்பாதே. வாசலோடு திரும்பாதே, தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடி. மிட்டாய் கொஞ்சம் கடிசு. முகம் வற்றி, அவருக்கு மெல்ல முடிந்த பிறகு கொடு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா